தொட்டிலிலேயே தெரியும் இயல்பு

"மூத்தவன் வைத்த இடத்தில் இருந்தான், இளையவளோ பிறந்த நாள் முதல் வீட்டை இரண்டாக்குகிறாள். இருவருக்கும் ஒரே தாய், ஒரே பால், ஒரே தொட்டில். இவள் மட்டும் யாரைக் கொண்டு பிறந்தாளோ!" நம் பங்கில் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் இத்தகைய பேச்சு நம் காதில் விழும். பேச்சு அத்துடன் நிற்பதுமில்லை. "நீ தூக்கித் தூக்கியே கெடுத்துவிட்டாய்" என்பார் மாமியார். "உங்கள் வீட்டுப் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது" என்பார் கணவர். இறுதியில் பழி முழுவதும் பெற்றவளின் தலையில் வந்து விழும். இரவெல்லாம் உறங்காமல் குழந்தையைத் தோளில் சுமந்த அவள், தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நம்பத் தொடங்குவாள்.

பிறந்த குழந்தையின் எடையை நிறுக்கிறோம்; உயரத்தை அளக்கிறோம்; தடுப்பூசி போடும் நாளைக் குறித்து வைக்கிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அக்குழந்தையின் உள்ளம் எவ்வாறு உருப்பெறுகிறது, அதன் குணம் எங்கிருந்து வருகிறது, அதில் பெற்றோரின் பங்கு எவ்வளவு என்பதை நாம் அமர்ந்து சிந்திப்பது அரிது. முதல் பிறந்தநாள் வருவதற்குள் ஒரு குழந்தையின் வாழ்வில் எவ்வளவோ நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே இம்மாதம் அந்த முதல் பன்னிரண்டு மாதங்களைப் பற்றிச் சிந்திப்போம்.

இயல்பு வேறு, ஆளுமை வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. குழந்தை பிறக்கும்போதே தன்னுடன் கொண்டுவரும் உள்ளப்பாங்கை 'இயல்பு' என்போம். எவ்வளவு விரைவில் அது கலங்குகிறது, எவ்வளவு உரத்து அழுகிறது, புதியதைக் கண்டால் நெருங்குகிறதா விலகுகிறதா என்பவையெல்லாம் இயல்பைச் சேர்ந்தவை. இந்த இயல்பின்மேல் வீடும் உறவும் பள்ளியும் விசுவாசமும் ஆண்டுக்கணக்கில் கட்டி எழுப்புவதையே 'ஆளுமை' என்கிறோம்.

இயல்பு நிலம் போன்றது. ஆளுமை அதில் விளைவது. கரிசல் மண் நீரைப் பிடித்து வைக்கும். மணற்பாங்கான நிலம் நீரை உடனே கீழே விட்டுவிடும். அறிவுள்ள உழவர் எவரும் மண்ணைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை. மண்ணின் தன்மையை அறிந்து, அதற்கேற்ப உழுது, அதற்கேற்ப நீர் பாய்ச்சுகிறார். இரண்டு நிலங்களும் விளையும். ஆனால் ஒரே முறையில் விளையமாட்டா.

ஒரு வயிற்றில் பிறந்தோரும் இயல்பில் வேறுபடுவர் என்பதற்குத் திருமறையே சான்று பகர்கிறது. ரெபேக்காவின் இரட்டைப் பிள்ளைகளான ஏசாவும் யாக்கோபும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒருவன் காட்டில் திரியும் வேட்டைக்காரன் ஆனான். மற்றவன் கூடாரத்தில் தங்கும் அமைதியானவன் ஆனான். அவர்கள் வேறுபட்டிருந்ததில் கேடு இல்லை. தந்தை ஒருவன்மீதும் தாய் மற்றவன்மீதும் தனிப்பட்ட பற்று வைத்ததே அந்தக் குடும்பத்தைப் பிரித்த கேடுகளுள் ஒன்றாயிற்று.

ஆய்வாளர் கண்டது

இந்த வேறுபாட்டை முறையாக ஆராய முற்பட்டவர்களுள் முதன்மையானவர்கள் அலெக்சாந்தர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர். குழந்தையிடம் எந்தக் குறை தோன்றினாலும் அதற்குத் தாயே காரணம் என்று மருத்துவ உலகிலும் பலர் பேசிவந்த காலம் அது. அக்கருத்தை அவர்களால் ஏற்க முடியவில்லை. 1956ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 130க்கும் மேற்பட்ட குழந்தைகளை, இரண்டு மூன்று மாதக் கைக்குழந்தைப் பருவம் முதல், அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை தொடர்ந்து கவனித்தனர்.

ஒவ்வொரு குழந்தையிடமும் அவர்கள் ஒன்பது கூறுகளைப் பார்த்தனர். கை கால்களை எவ்வளவு அசைக்கிறது? பசியும் உறக்கமும் வேளை தவறாமல் வருகின்றனவா? புதிய ஆளையோ புதிய உணவையோ கண்டால் ஏற்கிறதா, முகத்தைத் திருப்புகிறதா? மாற்றத்துக்கு எவ்வளவு நாளில் பழகுகிறது? மெல்லிய ஓசைக்கும் ஒளிக்கும் கூடக் கலங்குகிறதா? மகிழ்ச்சியையும் சினத்தையும் எவ்வளவு வேகத்துடன் வெளிக்காட்டுகிறது? பெரும்பொழுது மலர்ந்திருக்கிறதா, சிணுங்கிக்கொண்டிருக்கிறதா? அழும்போது கிலுகிலுப்பையைக் காட்டினால் கவனம் திரும்புகிறதா? எடுத்த ஒன்றை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறதா? இவையே அந்த ஒன்பது.

இவற்றைக் கொண்டு குழந்தைகளை மூன்று பிரிவினராகக் கண்டனர். ஏறக்குறைய 100க்கு 40 பேர் எளிதில் பழகுபவர்கள். வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, புதியவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள். ஏறக்குறைய 10 பேர் கடினமானவர்கள். உறக்கத்துக்கும் பசிக்கும் ஒழுங்கில்லாமல், எந்த மாற்றத்தையும் உரத்த அழுகையுடன் எதிர்ப்பவர்கள். ஏறக்குறைய 15 பேர் மெதுவாக மலர்பவர்கள். புதியதைக் கண்டு ஒதுங்கி, நாளடைவில் தாமாகவே நெருங்கி வருபவர்கள். எஞ்சிய 35 பேர் எந்த ஒரு பிரிவிலும் முழுமையாக அடங்காமல் எல்லாம் கலந்தவர்கள்.

இதனைப் படிக்கும் தாய்மார் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். கடினமான குழந்தை என்பது கெட்ட குழந்தை என்று பொருள்படாது. கெட்ட தாய் என்றும் பொருள்படாது. இரண்டு மாதக் குழந்தைக்குப் பிடிவாதம் பிடிக்கத் தெரியாது. நம்மைப் பழிவாங்கவும் தெரியாது. அதன் நரம்புகளும் உடலும் அவ்வாறு அமைந்திருக்கின்றன, அவ்வளவே.

பொருத்தமே முக்கியம்

இவர்கள் கண்ட மற்றோர் உண்மையை நாம் இன்னும் உயர்வாக மதிக்கிறோம். எந்த இயல்பும் தன்னளவில் ஒரு குழந்தையைக் கெடுப்பதில்லை. குழந்தையின் இயல்பும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே பின்னாளைய நலத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. கடினமான குழந்தைகளுள் பலர், பெற்றோர் பொறுமையுடன் நடத்தியபோது, சிறந்தவர்களாக வளர்ந்தனர். எளிய குழந்தைகளுள் சிலர், வீட்டின் கட்டாயங்கள் தம் இயல்புக்கு மாறாக இருந்தபோது, இடர்ப்பட்டனர்.

இடமும் சூழலும் மாறினால் குணத்தின் மதிப்பே மாறிவிடும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1974ஆம் ஆண்டளவில் கென்யாவில் கடும் வறட்சி நிலவியபோது, மார்ட்டன் டிவ்ரிஸ் என்னும் மருத்துவர் மாசாய் மக்களிடையே சில கைக்குழந்தைகளைக் கவனித்தார். மிகச் சிறிய ஆய்வுதான் அது. ஆயினும் அவர் கண்டது வியப்புக்குரியது. பஞ்சத்தில் எளிய குழந்தைகளைவிட, ஓயாது அழும் கடினமான குழந்தைகளே அதிகமாக உயிர் பிழைத்திருந்தனர். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் முன்னோர் சொன்னது அங்கே உயிர் காக்கும் உண்மையாயிற்று. ஒரு நாட்டு நகரத்தில் தொல்லை எனப்படும் குணம், மற்றொரு நாட்டுப் புல்வெளியில் உயிர்க்கவசம் ஆகிறது.

சிறுமலரின் முதல் ஆண்டு

பொருத்தம் என்பதன் பொருளை நம் திருச்சபையின் குடும்பம் ஒன்றில் தெளிவாகக் காணலாம். பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் லூயி மார்ட்டின், செலி தம்பதியருக்கு 1873ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் ஒன்பதாவது குழந்தை பிறந்தது. இரண்டு நாள் கழித்துத் திருமுழுக்குப் பெற்ற அக்குழந்தையே பின்னாளில் நாம் சிறுமலர் என்று போற்றும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா.

தாய்க்கு மார்பில் நோய் இருந்தமையால் பாலூட்ட இயலவில்லை. குழந்தை நோயுற்று உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. முன்பே நான்கு மக்களைச் சிறு வயதில் இழந்திருந்த அந்தத் தாய், அவ்வாண்டு மார்ச்சு மாதம் செமல்லே என்னும் சிற்றூரில் ரோஸ் என்ற உழவர் குடிப் பெண்ணிடம் குழந்தையை ஒப்படைத்தார். திறந்த வெளியிலும் வயலோரத்திலும் வளர்ந்த குழந்தை உடல் தேறியது. ஏறக்குறைய ஓராண்டு கடந்து 1874 ஏப்ரலில்தான் வீடு திரும்பியது.

இடையில் ரோஸ் நகரத்துக்கு வரும்போது குழந்தையையும் கொண்டுவருவார். அப்போது சொந்த வீட்டில் விட்டுச் சென்றால் தெரேசா அழுது தீர்ப்பாள். சந்தையில் ரோஸ் அமர்ந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அழுகை அடங்கும். இதையெல்லாம் செலி தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். பெற்ற மகள் தன்னைவிட்டு இன்னொருத்தியின் மடியைத் தேடும்போது எந்தத் தாய்க்கும் மனம் வலிக்கும். ஆனால் செலி குழந்தையை வன்மையாகப் பிடித்து வைக்கவில்லை. அது அமைதி காணும் இடத்துக்கே கொண்டுசென்றார். தம் உரிமையைவிடக் குழந்தையின் தேவையை முன்வைத்தார்.

வீடு திரும்பிய பின் இன்னொன்று வெளிப்பட்டது. மூன்று வயதில் தெரேசாவுக்கு அசைக்க முடியாத பிடிவாதம் இருந்ததையும், முடியாது என்று சொல்லிவிட்டால் எவ்வாறும் அவளை இணங்க வைக்க இயலாது என்பதையும், அக்காள் செலினைப்போல் அவள் சாந்தமானவள் அல்லள் என்பதையும் அத்தாய் 1876ஆம் ஆண்டுக் கடிதத்தில் மறைக்காமல் எழுதினார். ஆயினும் அவளுடைய அறிவையும் அன்பையும் சேர்த்தே கண்டார். இரு மகள்களின் வேறுபாட்டை அறிந்திருந்தார். ஒருத்தியை மற்றவளாக்க முயலவில்லை.

அந்தப் பிடிவாதம் என்னவாயிற்று? 1887ஆம் ஆண்டு, பதினான்கு வயதுச் சிறுமி உரோமைக்குச் சென்று, தன்னைக் கார்மேல் மடத்தில் சேர அனுமதிக்குமாறு திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் காலடியிலேயே மன்றாடினாள்! அதே உறுதிதான் மறு ஆண்டு அவளை மடத்துக்குள் கொண்டுசேர்த்தது. அருள் இயல்பை அழிக்கவில்லை. அதைத் திருத்தி உயர்த்தியது. இடையில், நான்கரை வயது கடந்த நிலையில் தாயை இழந்தபோது, துடுக்கான அச்சிறுமி எதற்கும் அழும் அச்சமுள்ளவளாக மாறியதையும், 1886ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில்தான் அந்நிலையிலிருந்து விடுபட்டதையும் அவரே தம் வரலாற்றில் விவரிக்கிறார். இயல்பு தொட்டிலில் தோன்றினும், ஆளுமை தொட்டிலிலேயே முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்பெண்ணைப் பெற்று வளர்த்த லூயியும் செலியும் 2015ஆம் ஆண்டு புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

மாதந்தோறும் மலரும் உள்ளம்

இனி அந்தப் பன்னிரண்டு மாதங்களில் குழந்தையின் உள்ளத்துள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

குழந்தை இவ்வுலகுக்கு முற்றிலும் புதியதாக வருவதில்லை. கருவிலிருக்கும்போதே தாயின் குரலைக் கேட்டுப் பழகுகிறது. பிறந்த சில நாளிலேயே பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை விரும்பிக் கேட்கிறது என்பதை 1980ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே கருவுற்ற நாளில் தாய் சொல்லும் செபமாலையும் பாடும் பாட்டும் வீண்போவதில்லை. பொருள் தெரியாவிடினும் குரலின் இனிமையைக் குழந்தை அறியும்.

இரண்டாம் மாதத்தில், நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் முதல் சிரிப்பு பிறக்கிறது. அதுவரை கொடுத்துக்கொண்டே இருந்த தாய், முதன்முதலாக ஒன்றைத் திரும்பப் பெறுகிறாள்.

நான்காம் மாதத்தில் இயல்பு இன்னும் தெளிவாகத் தெரியும். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் ஓசைகளையும் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் கை கால்களை உதறி அழுதனர். ஐந்தில் இரு பங்கினர் அசையாமல் அமைதியாகப் பார்த்தனர். உதறி அழுதவர்களுள் கூச்சமுள்ள சிறுவராக வளர்ந்தோர் மற்றவரைவிட அதிகம். ஆயினும் அவர்களுள் பலர் அந்தக் கூச்சத்திலேயே நின்றுவிடவில்லை என்பதையும் அவர் கண்டார்.

ஏழாம், எட்டாம் மாதமளவில், அதுவரை எல்லாரிடமும் சென்ற குழந்தை திடீரென்று புதியவரைக் கண்டு அலறும்; தாய் அடுப்படிக்குச் சென்றாலும் தேடி அழும். "நன்றாயிருந்த குழந்தைக்குக் கண் பட்டுவிட்டது" என்று சிலர் வருந்துவர். உண்மையில் இது வளர்ச்சியின் அடையாளம். தன்னவர் யார், பிறர் யார் என்று பிரித்தறியும் அறிவு வந்துவிட்டது. கண்ணில் படாத தாய் எங்கோ இருக்கிறாள் என்னும் நினைவும் வந்துவிட்டது.

ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு கைதட்டும். விரல் நீட்டிக் காட்டும். நாம் பார்க்கும் பொருளைத் தானும் திரும்பிப் பார்க்கும். ஐயமான ஒன்றைக் கண்டால் முதலில் தாயின் முகத்தையே நோக்கும். அம்முகத்தில் அச்சம் தெரிந்தால் அஞ்சும். சிரிப்புத் தெரிந்தால் துணியும். ஆண்டு நிறைவடையும் தறுவாயில் முதற்சொல் பிறக்கும். நம் தமிழ்ப் புலவர்கள் பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, முத்தம், வருகை என்று பருவங்களை வகுத்துப் பாடியது, குழந்தையை மாதந்தோறும் உற்று நோக்கிய ஒரு பண்பாட்டின் சான்று. இந்த ஓராண்டில் மூளையின் அளவு ஏறக்குறைய இருமடங்கு ஆகிறது. அந்த வேகத்தில் அது வேறெந்த ஆண்டிலும் வளர்வதில்லை.

நம்பிக்கை என்னும் அடித்தளம்

இயல்பை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அதன்மேல் இடும் முதற்கல் நம் கையில் இருக்கிறது. அதற்கு நம்பிக்கை என்று பெயர். 1950ஆம் ஆண்டு எரிக் எரிக்சன் என்னும் உளவியல் அறிஞர், முதலாண்டில் குழந்தை தீர்த்துக்கொள்ளும் வினா ஒன்றே என்றார். இவ்வுலகை நம்பலாமா, நம்பக்கூடாதா என்பதே அந்த வினா. பசித்தால் பால் வருகிறது, நனைந்தால் துணி மாறுகிறது, அஞ்சினால் ஒரு கை அணைக்கிறது என்று நாள்தோறும் கண்ட குழந்தை, "என்னைக் கேட்பார் உண்டு" என்று சொல்லின்றி அறிந்துகொள்கிறது.

தூக்கினால் கெட்டுவிடுமா? மேரி எயின்ஸ்வர்த் என்னும் பெண் அறிஞர் 1950களில் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்கள் வீட்டிலேயே கவனித்தவர். தொடக்க மாதங்களில் அழுகைக்கு விரைந்து பதில் பெற்ற குழந்தைகள் ஆண்டு இறுதியில் குறைவாகவே அழுதனர் என்று 1972இல் சில்வியா பெல் என்பவருடன் சேர்ந்து எழுதினார். சிறு முனகலுக்கெல்லாம் ஓட வேண்டியதில்லை என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கூறியதுண்டு. ஆனால் கைக்குழந்தையை ஏந்தி ஆற்றுவது அதைக் கெடுத்துவிடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே மருத்துவர்களின் பொதுக் கருத்து.

பெற்றோருக்குச் சில சொற்கள்

1. குழந்தைக்குப் பட்டப்பெயர் சூட்டாதீர்கள். 'அழுமூஞ்சி', 'பிடிவாதக்காரி', 'மந்தம்' என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் சொல், நாளடைவில் அக்குழந்தை அணியும் சட்டையாகிவிடும். திருமுழுக்கில் நாம் சூட்டிய பெயர் ஒன்று இருக்க, வேறு பெயர் எதற்கு?

2. ஒப்பிடாதீர்கள். மூத்தவனை வளர்த்த முறையே இளையவளுக்கும் என்று எண்ணாதீர்கள். எல்லாருக்கும் ஒரே அளவு அன்பு வேண்டும். ஒரே முறை வேண்டியதில்லை.

3. மெதுவாக மலரும் குழந்தையைப் புதியவர் கையில் திணிக்காதீர்கள். திருமுழுக்கு விருந்தன்றும் ஊர்த் திருவிழாவன்றும் குழந்தை பத்துக் கைகள் மாறுவது நம் வழக்கம். அத்தைக்கு வருத்தம் வருமே என்று அலறும் குழந்தையை நீட்டாதீர்கள். தாயின் மடியில் இருந்தபடியே சற்று நேரம் பார்க்க விடுங்கள்; தானாகவே கை நீட்டும்.

4. கடினமான குழந்தைக்கு வீட்டில் ஒழுங்கும் அமைதியும் மிகத் தேவை. குளியலும் பாலும் உறக்கமும் இயன்றவரை ஒரே வரிசையில் நடக்கட்டும். மாற்றங்களைச் சிறிது சிறிதாகக் கொண்டுவாருங்கள். சினத்துக்குச் சினத்தால் விடையளித்தால் தீயில் எண்ணெய் வார்த்ததாகும்.

5. அமைதியான குழந்தையை மறந்துவிடாதீர்கள். அழாத பிள்ளை தேவையற்ற பிள்ளை அன்று. வேலை முடியட்டும் என்று தொட்டிலிலேயே விடப்படுபவர்கள் பெரும்பாலும் இவர்களே. இவர்களையும் எடுத்துக் கொஞ்சுங்கள்; பேச்சுக் கொடுங்கள்.

6. முகம் கொடுங்கள். 1970களில் எட்வர்ட் டிரானிக் என்பவர், தாய்மாரைச் சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையின் முன் அமரச் செய்தார். குழந்தைகள் சிரித்தும் கை நீட்டியும் தாயை அழைத்துப் பார்த்தன. பயனில்லை என்று கண்டதும் முகம் திருப்பிக் கலங்கின. பாலூட்டும்போதும் கைப்பேசியையே நோக்கும் வழக்கம் பரவியுள்ள இந்நாளில் இதை நினைவில் கொள்வது நல்லது.

7. தந்தையர்க்கு ஒரு சொல். பெற்றோரே தம் மக்களுக்கு முதன்மையான ஆசிரியர் என்று 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் கற்பித்தது. பெற்றோர் என்னும் சொல்லில் தந்தையும் அடங்குவார். இரவில் ஒரு சாமம் குழந்தையைத் தோளில் போட்டு உலவுவது, மனைவிக்குத் தரும் பெரிய கொடை. புனித சூசையப்பரைப் பாதுகாவலராகக் கொண்டாடும் நாம், அவர் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்டவர் என்பதை மறக்கலாமா?

தாயையும் காப்போம்

ஓயாது அழும் குழந்தை வலிமையுள்ள தாயையும் தளரச் செய்யும். பொறுமை எல்லை மீறுவதாக உணர்ந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாந்து படுக்க வைத்துவிட்டு, சில நிமிடம் விலகி நின்று மூச்சுவிடுவதில் பாவம் இல்லை. எந்தச் சினத்திலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக்கூடாது. மூளையில் குருதி கசிந்து உயிருக்கே கேடு வரலாம்.

பேறுகாலத்துக்குப் பின் இரு வாரங்களுக்கு மேலாகத் தாய் காரணமின்றி அழுதாலும், குழந்தையிடம் ஒட்டுதல் இல்லை என்றாலும், சாவைப் பற்றிப் பேசினாலும், அதை விசுவாசக் குறைவு என்றோ வீம்பு என்றோ தள்ளிவிடாதீர்கள். அது நோய், குணப்படுத்தக்கூடிய நோய். செபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அவ்வாறே, குழந்தை மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலும், ஓசைக்குத் திரும்பாவிட்டாலும், ஓராண்டு நெருங்கியும் பெயர் சொல்லி அழைத்தால் கவனிக்காவிட்டாலும் 'அதன் இயல்பு அப்படி' என்றிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென அழுகையின் தன்மை மாறினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே காட்டவேண்டும்.

பங்குக் குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு திருப்பலியில் குழந்தை வீறிடும்போது, கோவில் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பார்வைக்கு அஞ்சியே பல தாய்மார் மாதக்கணக்கில் திருப்பலிக்கு வராமல் இருந்துவிடுகின்றனர். ஆண்டவர் சீடர்களைக் கடிந்துகொண்டது குழந்தைகள் இரைந்ததற்காக அன்று. குழந்தைகளைக் கொண்டுவந்தோரைத் தடுத்ததற்காக. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பாட்டி ஒருவர் கை நீட்டி, "கொடு அம்மா, சற்றுநேரம் நான் வெளியே வைத்திருக்கிறேன்; நீ நன்மை வாங்கிவிட்டு வா" என்று சொன்னால், அதுவும் ஒரு வழிபாடே.

ஏற்றுக்கொள்ளப்பட்ட குழந்தை

திருச்சபை கைக்குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதன் அழகு இங்கேதான் விளங்குகிறது. அக்குழந்தை சாந்தமானதா, முரடானதா, அறிவில் சிறந்ததா, மெல்ல நடப்பதா என்று எதுவும் தெரியுமுன்பே, அதனிடமிருந்து எந்த நன்மையும் எதிர்பாராமலே, இறைவன் அதைப் பெயர் சொல்லித் தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார். தண்ணீர் ஊற்றும்போது அலறிய குழந்தைக்கும், உறங்கிக்கொண்டே பெற்ற குழந்தைக்கும் அருள் ஒன்றே. தகுதி பார்த்து வரும் அன்பன்று அது.

அந்த அன்பை முதன்முதலாக மனித முகத்தில் காட்டும் கடமை பெற்றோருக்கு வாய்த்திருக்கிறது. இறைவனைத் தந்தை என்றழைக்கக் குழந்தை பின்னாளில் கற்கும். ஆனால் அச்சொல்லின் பொருளை, இரவு இரண்டு மணிக்கு அழும்போது தன்னை ஏந்திய கைகளில் அது முன்பே கற்றிருக்கும். உங்கள் வீட்டுத் தொட்டிலில் இன்று கிடப்பது எந்த இயல்புள்ள குழந்தையாயினும், அது இறைவன் உங்களை நம்பி ஒப்படைத்தது. மண்ணைக் குறைசொல்லாத உழவரைப்போல், அதை அறிந்து, பொறுத்து, அன்புடன் பண்படுத்துவோமாக.

அடுத்த இதழில், நடை பழகும் குழந்தையின் 'முடியாது' என்னும் சொல்லைப் பற்றிப் பார்ப்போம்.